அண்ணன் வீட்டு உருளைக்கிழங்கு

அண்ணன் இறந்த செய்தியை அப்பாவிடம் சொல்லாமல் நான் மறைத்து வைத்திருந்த நாட்களில்தான் அண்ணி யாங்கோனுக்கு வந்தார். வர வேண்டாம் என்று போனில் சொல்லிப் பார்த்தேன். இங்கே ராணுவ ஆட்சியில் நிலைமை சரியில்லை, கரண்ட் பாதி நாள் இருக்காது, எப்போது என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அவருடைய அப்பாவை நான் பார்த்ததே இல்லையே" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது.

அண்ணன் கப்பல் வேலைக்குப் போனவர். சில வருஷங்கள் கடலில் இருந்துவிட்டு அயர்லாந்தில் இறங்கினார். முதலில் ஒரு இறைச்சிக் கூடத்தில் வேலை. அப்புறம் அந்த நாட்டின் மேற்குப் பக்கத்தில், மாடு வைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். குழந்தை இல்லை. அம்மா இறந்தபோதுகூட அவரால் வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்ததும் போன் செய்வார். அப்பா எப்போதும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிப்பார். "சாப்பிட்டியாப்பா?" அண்ணன் சாப்பிட்டேன் என்பார். என்ன சாப்பிட்டாய் என்று அப்பா கேட்டால் "எல்லாம்தான்" என்பார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

அப்பாவுக்கு இடது பக்கம் வாதம் அடித்து, ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அழைத்து வந்த சமயத்தில் அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. கன்றுக்கொட்டிலில் விழுந்து கிடந்தாராம். இங்கே டாக்டர், "அதிர்ச்சி தரும் விஷயம் எதையும் அவர் காதில் போடாதீர்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இங்கே தின்கன்ஜூன் பகுதியில் நாலைந்து வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். யாரைக் கேட்டு முடிவு செய்வது? சொல்ல வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். இன்றைக்குக் கேட்டாலும், அந்த வாரத்தில் சொல்லியிருந்தால் அப்பா பிழைத்திருக்க மாட்டார் என்றுதான் சொல்வேன்.

மறைப்பதற்கு இந்த ஊரே எனக்கு உதவி செய்தது. "லைன் கிடைக்கலப்பா" என்றால் யாங்கோனில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கரண்ட் இல்லை, நெட் இல்லை, டவர் வேலை செய்யவில்லை. எல்லாமே பல நாள் உண்மையாகவும் இருந்தது. ஆனால் வாரக்கணக்கில் இப்படியே சொல்ல முடியவில்லை. அப்பாவின் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், "காலையில அண்ணன் பேசினாருப்பா, நீங்க தூங்கிட்டு இருந்தீங்க" என்றேன் ஒரு நாள்.

"சாப்பிட்டானாமா?"

"சாப்பிட்டாராம்."

"என்னவாம்?"

நான் பார்த்தே இராத ஊர். அங்கே என்ன சாப்பிடுவார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன். கோழிக்கறி, சோறு. அடுத்த வாரம் மீன் குழம்பு. ஒரு வாரம் பருப்பும் கருவாடும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். அன்றைக்குக் கஞ்சியை மீதி வைக்காமல் குடிப்பார்.

விமான நிலையத்தில் அண்ணியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. போனில் பார்த்த அதே முகம்தான், ஆனால் ஆள் நான் நினைத்ததைவிட உயரம். சிவந்த, பெரிய கைகள். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டாக்ஸியில் ஏறியதும் சொல்லிவிட்டேன், தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும் என்று. நாங்கள் இருவரும் பேசியது ஆங்கிலத்தில்தான்.

"அப்பாவுக்குத் தெரியாது."

"எது தெரியாது?"

"அண்ணன் போனது."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். சிக்னலில் வண்டி நின்றபோது, மெல்ல, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். "எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் உள்ளூர் ரேடியோவில் பெயரை வாசிப்பார்கள். உன் அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வருவதற்குள் சுற்றுப்பட்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியாத ஒரே ஆள் அவரைப் பெற்றவர்தானா?"

நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். வீட்டுத் தெருவுக்குள் வண்டி திரும்பும்போது அண்ணி ஒன்று சொன்னார். "நானாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் என்னைக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். இவ்வளவுதான் என்னால் முடியும்."

கேட்க மாட்டார் என்று நான் நம்பினேன். உயிரோடு இருக்கிறானா என்று எந்த அப்பா கேட்பார்?

அண்ணி எங்கள் வீட்டில் தங்க முடியாது. வெளிநாட்டுக்காரர் யாராவது இரவில் வீட்டில் தங்கினால் வார்டு ஆபீசில் இருந்து வந்து நிற்பார்கள். டவுனில் ஒரு ஓட்டலில் அறை எடுத்திருந்தார். காலையில் டாக்ஸியில் வருவார், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுவார். முதல் நாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், சுவரில் இருந்த இயேசுவின் திருஇருதயப் படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். படத்துக்குக் கீழே சின்ன சிவப்பு பல்பு. கரண்ட் இல்லாததால் எரியவில்லை.

"எங்கள் அடுப்படியிலும் இதே படம்தான். இதே விளக்கு" என்றார்.

கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா முகம் மலர்ந்து, "வாம்மா, உட்காரு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அப்பா மிஷன் பள்ளியில் படித்து, முனிசிபல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வாதத்துக்குப் பிறகு தமிழ் கொஞ்சம் குழறியது. ஆங்கிலம் மட்டும் நிறுத்தி நிறுத்தி, பழைய ஆபீஸ் கடிதம் படிப்பதுபோல் திருத்தமாக வந்தது. "அவன் வரலையா?"

அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் மட்டும்தான் வந்தேன்" என்றார். அது உண்மைதான். அப்பா மேற்கொண்டு கேட்கவில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்றார்.

அன்றிலிருந்து தினமும் பேச்சு அதைப் பற்றியே போனது. அங்கே வீடு எப்படி, காலையில் யார் முதலில் எழுந்திருப்பார்கள், அடுப்பு எப்படி, என்ன சமைப்பீர்கள். அப்பா கேட்கக் கேட்க அண்ணி சொல்லிக்கொண்டே போவார். நான் வேலை செய்வதுபோல அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பேன், காதை அவர்கள் பக்கம் வைத்துக்கொண்டு.

அவர்கள் வீட்டில் அடுக்களைதான் வீடாம். முன்னால் ஒரு நல்ல அறை உண்டு, ஆனால் பாதிரியார் வந்தால்தான் அதைத் திறப்பார்களாம். அடுக்களையில் ஒரு பெரிய இரும்பு அடுப்பு, வருஷம் முழுக்க அணையாது. சதுப்பு நிலத்து மண்ணைச் செங்கல் செங்கலாக வெட்டி, காற்றில் உலர்த்தி, அதைத்தான் எரிப்பார்கள். மண் எரியுமா என்று அப்பா கேட்டார். எரியும், அந்தப் புகை வாசனை துணியில் ஏறிவிட்டால் துவைத்தாலும் போகாது என்றார் அண்ணி. காலையில் ஓட்ஸ் கஞ்சி, உப்புப் போட்டு. மத்தியானம்தான் பெரிய சாப்பாடு. உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, மேலே ஒரு துணி போட்டு மூடி வைப்பார்கள். மாவு மாதிரி வெடித்து வரும். மேசை நடுவில் குவித்துவிட்டால் ஆளாளுக்கு எடுத்து, தோலை உரித்து, வெண்ணெய் வைத்துச் சாப்பிடுவார்கள். கூட, உப்பில் ஊறிய பன்றி இறைச்சியும், அது வெந்த தண்ணீரிலேயே வேகவைத்த கோஸும்.

"மற்ற நாள்?" என்று அப்பா கேட்டார்.

"மற்ற நாளும் உருளைக்கிழங்குதான்."

"சோறு?"

அண்ணி சிரித்தார். "என் அம்மா இருந்தவரைக்கும் அரிசியில் பாயசம் மட்டும்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை."

அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "மீன்?" என்று அண்ணியிடம் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை. அதுவும் எப்போதும் இல்லை. பல வெள்ளிக்கிழமை முட்டைதான்."

அப்பா "ம்" என்றார். போன மாதம் திங்கட்கிழமை மீன் குழம்பு என்று நான் சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்குமோ என்று நினைத்தேன். வாதத்துக்குப் பிறகு நேற்று நடந்தது மறந்துவிடும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அப்படி நம்பிக்கொள்வது வசதியாக இருந்தது.

அண்ணனை அந்த வீடு ஏற்றுக்கொண்டதா என்று அப்பா ஒரு நாள் கேட்டார். நேராகவே கேட்டார். "என் அப்பா ஏற்றுக்கொள்ளவில்லை" என்றார் அண்ணி. "மேசையில் தட்டு வைப்போம், சாப்பிடுவார்கள், இருவரும் எதிரெதிரே. பேச மாட்டார். மழை வருமா, வராதா, அவ்வளவுதான். சாகும்வரை அப்படித்தான். ஆனால் வயலுக்கு நான் பாட்டிலில் தேநீர் கொண்டுபோனால் ஒரே பாட்டிலில் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள்."

"உன் அம்மா?"

"அம்மா வேறு மாதிரி. இவர் கோட்டுப் பையில் ஒரு சின்ன புட்டியில் மிளகாய்ப்பொடி வைத்திருப்பார். யாரும் பார்க்காதபோது கோஸ் மேல் தூவிக்கொள்வார். அம்மா ஒரு நாள் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் மேசையில் உப்புக்குப் பக்கத்தில் அந்தப் புட்டி இருந்தது."

அப்பா வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். இத்தனை வருஷமாக ஞாயிறுதோறும் "எல்லாம்தான்" என்ற ஒரு வார்த்தைக்குள் அண்ணன் மூடி வைத்திருந்தது இதுதான். அதைக் கேட்கும்போது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

அண்ணி சும்மா உட்காருகிறவர் இல்லை. பஜாருக்கு என்னோடு வந்து உருளைக்கிழங்கு வாங்கினார். பர்மிய மொழியில் அவர் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை உருளைக்கிழங்குக்கு உரிய "ஆலு"தான். கரி அடுப்பில் வேகவைத்து, பாலும் வெங்காயத்தாளும் சேர்த்து மசித்து அப்பாவுக்கு ஊட்டினார். அப்பாவுக்கு இடது பக்கம் மெல்ல வராது. இது மெல்ல வேண்டியதில்லை. இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "இதையா தினமும் சாப்பிடறான்?" என்றார்.

அண்ணி தலையை மட்டும் அசைத்தார். கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்தார். அடுக்களையில் என் பக்கத்தில் வந்து நின்று, குடத்தைப் பிடித்தபடி தண்ணீர் எடுக்காமல் நின்றார். "இன்னும் எத்தனை நாள் இப்படி?" என்றார். "நான் உன் அண்ணனைத் தினமும் எழுப்பி உட்கார வைத்து, பிறகு ஓட்டலுக்குப் போய்த் தனியாகப் படுத்துக்கொள்கிறேன்."

"இன்னும் கொஞ்ச நாள்தான் அண்ணி. நீங்க ஊருக்குப் போன பிறகு, உடம்பு தேறினதும் நானே சொல்றேன்."

"தேறாவிட்டால்?"

நான் குடத்தைச் சாய்த்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.

அது நடந்தது ஒரு காலை நேரத்தில். டியூஷனுக்குக் கிளம்பும் முன் பின்பக்கம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் அப்பாவும் அண்ணியும் பேசுவது எல்லாம் கேட்கும். அண்ணி ரொட்டி செய்வது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். தவிட்டு மாவு, மோர், சோடா, உப்பு. பிசையக் கூடாது, சேர்த்துப் பிடித்து, மேலே கத்தியால் சிலுவை கீறி அடுப்பில் வைத்துவிட வேண்டும். அப்பா ம், ம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ரொட்டிப் பேச்சு முடிந்தது. பிறகு அப்பா, அந்தத் திருத்தமான ஆங்கிலத்தில் கேட்டார்:

"அவன் கடைசியாக என்ன சாப்பிட்டான்?"

களைந்த அரிசியோடு கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தேன். ஓடிப்போய் ஏதாவது சொல்லித் தடுத்திருக்கலாம்.

அண்ணி சொன்னார். "கஞ்சி. அதற்கப்புறம் ரொட்டியின் ஓரத்துண்டு, வெண்ணெய் தடவி. அவருக்கு ஓரத்துண்டுதான் பிடிக்கும். ஒரு கோப்பை தேநீர். இரண்டாவது கோப்பை வேண்டுமா என்று கேட்டேன். கன்றுகளைப் பார்த்துவிட்டு வந்து குடிக்கிறேன் என்றார்."

"வரவில்லை."

"வரவில்லை."

பிறகு அப்பா அழுதார். ஒரு பக்கம் மட்டும் அசையும் வாயால் அழும்போது வரும் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அண்ணியும் அழுதார். நான் தடுப்பைத் தாண்டிப் போனபோது அவர்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார்.

"பாப்பா, செத்தவனுக்கு நீ இத்தனை மாசமா கோழிக்கறி போட்டியா?"

"டாக்டர் சொன்னாருப்பா…"

"மருமக தனியா வந்து நின்னப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சு. அவன் பொண்டாட்டியத் தனியா அனுப்பறவன் இல்ல. நீ சொல்லுவேன்னு பார்த்தேன். தினமும் பார்த்தேன்."

அதற்கு மேல் அவர் என்னிடம் பேசவில்லை. எதையும் மறக்காமல்தான் இருந்திருக்கிறார்.

மறுநாள் அண்ணி வந்ததும் அப்பா அவரிடம், அங்கே சாவு வீட்டில் என்ன செய்தார்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். முன்னறையைத் திறந்து அண்ணனைக் கிடத்தினார்களாம். கண்ணாடிகளைத் துணியால் மூடினார்களாம். பக்கத்துப் பண்ணைப் பெண்கள் வந்து அண்ணியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அடுக்களையைக் கையில் எடுத்துக்கொண்டார்களாம். வந்தவர்கள் கையோடு வேகவைத்த இறைச்சி, ரொட்டி, ஆப்பிள் வைத்துச் சுட்ட பணியாரம் கொண்டுவந்தார்கள். தேநீர் குடிக்காமல் யாரையும் போக விடவில்லை. குழியைக் கூலி ஆள் வெட்டவில்லை, பக்கத்து வீட்டு ஆண்களே வெட்டினார்கள். "அவரோடு ஒரு வார்த்தை பேசியிராத கிழவர்கள்கூட வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள்" என்றார் அண்ணி.

"இங்கேயும் செய்யணும்" என்றார் அப்பா. "என் வீட்டிலிருந்து போன பிள்ளை. இந்த வீட்டில் யாரும் வந்து உட்காரவில்லை."

இந்தக் காலத்தில் வீட்டில் ஆள் சேர்ப்பது சுலபமில்லை. நாலு செருப்பு வாசலில் கிடந்தாலே என்ன கூட்டம் என்று கேட்பார்கள். கோயில் பாதிரியாரிடம் போய்ச் சொன்னேன். கூட்டமாக வேண்டாம், காலையிலிருந்து இரண்டிரண்டு பேராக வரச் சொல்லலாம் என்றார். வார்டு ஆபீசுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இத்தனை நாள் ஒரு ஆளிடம் சொல்ல முடியாததை அன்றைக்கு மேசைக்கு மேசை சொல்லிக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வீட்டு பர்மிய அம்மாவை நாங்கள் அடோ என்று கூப்பிடுவோம், சித்தி என்பதுபோல. நான் டியூஷனுக்குப் போகும்போது அப்பாவைப் பார்த்துக்கொள்பவர். அவர் ரவை கேக் செய்து விற்பவர். பாத்திரத்துக்குக் கீழேயும் தணல், மூடி மேலேயும் தணல். அண்ணி அதைப் பார்த்துவிட்டு, மின்சாரம் வருவதற்கு முன்னால் அவர்கள் ஊரிலும் ரொட்டியை இப்படித்தான் சுட்டார்களாம், அந்த இரும்புச் சட்டி இன்னும் மாட்டுக் கொட்டிலில் கிடக்கிறது என்றார். பஜாரில் அட்டா மாவு வாங்கினோம். மோர் வீட்டிலேயே இருந்தது. முதல் ரொட்டி அடி கருகிவிட்டது. அடோ அண்ணியின் கையிலிருந்து இடுக்கியை வாங்கிக் கீழே இருந்த தணலைப் பாதியாகக் குறைத்தார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. இருவரும் வியர்க்க வியர்க்கப் பக்கத்தில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அடுத்தடுத்து ரொட்டிகளைச் சுட்டு எடுத்தார்கள்.

நாள் முழுக்க ஆட்கள் வந்தார்கள். கோயில்காரர்கள், அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், அண்ணனோடு பள்ளியில் படித்த இரண்டு பேர், தெருவில் உள்ள பர்மியர்கள். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டாலாவிலிருந்து ஒருவர் படகேறி வந்தார். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். ஒவ்வொருவரும் அவர் கையைப் பிடித்தார்கள். அண்ணியின் கையைப் பிடித்தார்கள். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். செத்தது எனக்கும் அண்ணன் என்பது யாருக்கும் தோன்றவில்லை. நான்தான் இத்தனை மாதமாக அது நடக்காததுபோல் இருந்தேனே, என்னிடம் எப்படி வருவார்கள்? அடோ மட்டும் பின்பக்கம் வந்து என் கையிலிருந்த கெட்டிலை வாங்கிக்கொண்டார். நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டேன். சட்டென்று அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

விசா முடிந்து அண்ணி கிளம்பினார். விமான நிலையத்தில் என்னிடம், "நான் செய்தது உனக்குக் கஷ்டம் என்று தெரியும். மன்னிப்புக் கேட்க மாட்டேன்" என்றார். நானும் கேட்க மாட்டேன் என்றேன். அதைச் சொன்ன பிறகு இருவருக்கும் கொஞ்சம் இலேசாக இருந்தது. வண்டிக்குத் திரும்பும்போது நான் ஒருமுறை பின்னால் பார்த்தேன். அவர் உயரமானவர், கூட்டத்தில் வெகுதூரம் தெரிந்தார்.

அதன் பிறகு வீடு கஷ்டமாகத்தான் இருந்தது. அப்பா நான் கொடுப்பதைச் சாப்பிட்டார், மருந்தைக் குடித்தார், குளிப்பாட்டினால் உட்கார்ந்திருந்தார். வேண்டும், வேண்டாம், போதும். இந்த மூன்று வார்த்தைக்கு மேல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லைன் கிடைத்தால் அண்ணியோடு பேசுவார். அப்போது மட்டும் குரல் எழும்பும். போனை அவர் காதில் வைத்ததும் என்னைப் பார்ப்பார். நான் எழுந்து பின்பக்கம் போய்ப் பாத்திரம் கழுவ வேண்டும் என்று அர்த்தம். அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எட்டு மாதம் வேலைக்கும் போய் அவரைத் தூக்கி நிமிர்த்தியது நான். உண்மையைச் சொன்னது அண்ணி. அப்பாவுக்கு எது பெரிதாகப் பட்டது என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கம் போனது. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மழைக்காலம் பாதி போன பிறகு, ஒரு மத்தியானம், கரண்ட் போய் வீடு இருண்டு கிடந்தது. விசிறியால் வீசிக்கொண்டிருந்தேன். அப்பா திடீரென்று கேட்டார்.

"சேதி வந்தப்ப நீ எங்க இருந்த?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சொன்னேன். பஜாரில் இருந்தேன். மீன்காரியிடம் மீனைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தேன். போன் அடித்தது. அண்ணி சொன்னது பாதி கேட்கவில்லை, திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன், அவர் பாவம் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மீன்காரி மீனைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு நடந்தே வந்தேன். பஸ் ஏற மறந்துவிட்டேன்.

"அப்புறம்?"

"வந்து குழம்பு வச்சேன். உங்களுக்கு முள் எடுத்து ஊட்டினேன்."

"நீ சாப்டியா?"

"இல்லப்பா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து விசிறியை நிறுத்தினேன். வீசு என்பதுபோல் விரலை ஆட்டினார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அப்பா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. என்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

இப்போது கொஞ்சம் பேசுகிறார். முன்போல் இல்லை. நான் வெளியே போய் வந்தால் எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்று கேட்பார். சொன்னதும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், உண்மையா என்று பார்ப்பதுபோல். அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அண்ணனுக்கு வருஷ நினைவு நாள் வருகிறது. கோயிலில் பூசைக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கு அண்ணியால் வர முடியாது, இந்தத் தடவை மாடுகளை யாரிடமும் விட்டுவிட்டு வர வழியில்லை. பூசைக்குப் பிறகு வீட்டில் பத்துப் பேருக்காவது சாப்பாடு போட வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊர் இருக்கும் நிலையில் பத்துப் பேர் வருவார்களா என்று தெரியவில்லை.

"என்ன சமைக்கலாம்பா?" என்று நேற்றுக் கேட்டேன்.

"எதுவானாலும் செய். உருளைக்கிழங்கு வேண்டாம்" என்றார். "அது அவன் சாப்பிட்ட வரைக்கும் போதும்."